பாடசாலைக்கு வெளியே செவ்வியல் கிறிஸ்தவக் கல்வி: வீட்டில் எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (சுண்டுக்குளியிலிருந்து ஒரு தாய்)

வணக்கம். என் மகன் தரம் 7இலும் மகள் தரம் 4இலும் படிக்கிறார்கள். கனடாவில் இருக்கும் என் அக்காவின் பிள்ளைகள் செவ்வியல் கிறிஸ்தவக் கல்வியைப் பின்பற்றும் பாடசாலைக்குப் போகிறார்கள். அங்கே இலத்தீனும் தருக்கமும் பேச்சுக்கலையும் கற்பிப்பதோடு, வேதாகமத்தையும் பழைய பெருநூல்களையும் சேர்த்து வாசிக்கப் பழக்குகிறார்களாம். இங்கே பிள்ளைகளின் பாடசாலையில் எங்களுக்குக் குறை எதுவும் இல்லை. ஆனால் பாடசாலை விட்டால் ரியூசன், ரியூசன் விட்டால் வீட்டுப்பாடம் என்று நாள் முடிந்துவிடுகிறது. நால்வரும் கூடியிருந்து ஒரு நல்ல விடயத்தைப் பற்றிப் பேச நேரமே அமைவதில்லை. அந்தக் கல்வியின் சாரத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியுமா? இலத்தீன் தெரியாத பெற்றோர் என்ன செய்யலாம்?

மறுமொழி (மானிப்பாயிலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர்)

பிள்ளை, இலத்தீன் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். ஐரோப்பாவின் பழைய கல்விமுறையில் இலக்கணம், தருக்கம், சொல்லாட்சி என்ற மூன்றும் அடிப்படையாகவும், எண்கணிதம், கேத்திரகணிதம், இசை, வானியல் என்ற நான்கும் அவற்றின் மேலும் அமைந்தன. அந்த மூன்றையும் பிள்ளையின் பருவங்களோடு பொருத்தி, சிறு வயதில் மனனம், எதிர்த்துக் கேட்கும் வயதில் தருக்கம், அதன் பின்னர் எடுத்துரைக்கும் திறன் என்று விளக்கியவர் ஆங்கில எழுத்தாளர் டொரத்தி சேயர்ஸ். 1947இல் ஒக்ஸ்போர்ட்டில் அவர் ஆற்றிய உரை இன்றைய செவ்வியல் கல்வி இயக்கத்துக்குப் பெரிய தூண்டுகோல். ஆகவே பருவ வரிசை அண்மைக்கால யோசனைதான். அதற்கு அடிமையாக வேண்டியதில்லை.

எங்கள் திண்ணைப் பள்ளிகளிலும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் முதலில் காதிலும் நாவிலும் ஏறின, பொருள் பின்னர் வந்தது. 1823இல் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தில் தமிழும் வடமொழியும் மேற்குலகக் கணிதமும் வானியலும் வேதபாடமும் ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவரானார் என்றாலும், கலித்தொகையை ஏட்டிலிருந்து அச்சேற்றிய அந்த உழைப்பில் செமினரி கொடுத்த ஒழுங்குக்கும் பங்குண்டு என்றே நான் நினைக்கிறேன்.

உமது மகளுக்கு 23ஆம் சங்கீதத்தையும் கொன்றைவேந்தனையும் சிறிது சிறிதாக மனனம் செய்யக் கொடும். மகனிடம் கேள்வி கேளும்: கெட்ட குமாரனின் உவமையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தந்தை விருந்து வைத்ததால் மூத்த மகனுக்கு வந்த கோபம் நியாயமானதா? அவன் சொல்லும் விடைக்குக் காரணம் கேளும்; காரணம் சரியானால் அவனோடு உடன்படத் தயங்க வேண்டாம்.

மறுமொழி (குருநகரிலிருந்து ஒரு தந்தை)

ஐயா சொன்னதில் எனக்கு ஓர் அச்சம் உண்டு. மனனம், தருக்கம் என்று வகுத்து நேரமும் குறித்தால் பிள்ளைகள் அதை இன்னொரு ரியூசனாகவே எண்ணுவார்கள். வீட்டில் இருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்பும்போதும் கடவுளின் வார்த்தையைப் பேசும்படிதானே வேதாகமத்தின் இணைச்சட்ட நூல் ஆறாம் அதிகாரம் பெற்றோருக்குச் சொல்கிறது? எங்கள் வீட்டில் இரவுச் செபமாலை முடிந்ததும் அடுத்த ஞாயிறு நற்செய்தியை ஒருவர் உரத்து வாசிப்பார். கேள்விகளை என் அம்மாதான் அதிகம் கேட்பார்.

பெருநூல் தேவையென்றால் வீரமாமுனிவரின் தேம்பாவணி இருக்கிறது. சூசையப்பரைத் தலைவராகக் கொண்ட, மூவாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட பாடல்கள் உள்ள தமிழ்க் காப்பியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் ஏன் கனடாவைப் பார்க்க வேண்டும்? பேச்சுக்கலைக்கு எங்கள் கரையோர ஊர்களின் நாட்டுக்கூத்து போதும்; புனிதரின் பாத்திரமேற்றுப் பாடி ஆடும் பிள்ளைக்குக் குரலும் துணிவும் நினைவாற்றலும் ஒருங்கே வளர்கின்றன.

கேட்டவரின் பதில்

இருவருக்கும் நன்றி. தேம்பாவணியின் தமிழ் எனக்கே கடினம். மேலும், மகளுக்கு அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பரீட்சை என்பதால் ஞாயிறு காலையிலும் வகுப்பு வைக்கிறார்கள்.

மறுமொழி (தமிழாசிரியர்)

ஞாயிறு வகுப்பை நிறுத்தும், பிள்ளை. இதை மட்டும் உறுதியாகவே சொல்கிறேன். ஆலயத்தையும் வீட்டாரோடு உண்ணும் மதியச் சாப்பாட்டையும் அந்த வகுப்பு எடுத்துவிட்டால், நாங்கள் இங்கே பேசிய எதற்கும் இடமிராது. பரீட்சைக்கு மற்ற ஆறு நாட்களும் இருக்கின்றன. தேம்பாவணியை உரையுள்ள பதிப்பில், ஓரிரு பாடல்களாக, நீரும் பிள்ளைகளோடு மாணவியாக இருந்து வாசியும். குருநகர்த் தம்பி நேரம் குறிக்க வேண்டாம் என்கிறார். ஞாயிறு மதியத்துக்குப் பின் என்று ஒரு வேளையாவது குறித்துக்கொள்வதே நல்லது என்பது என் எண்ணம்.