பவளத்தின் சுண்ணாம்பு பழைய கடலைப் பற்றி எவ்வளவு நம்பகமாகச் சொல்லும்?

கரைவலை:
கடல்நீரின் பி.எச். அளவை (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறைந்தால் அமிலம் கூடுகிறது என்று பொருள்) நெடுங்காலமாகத் தொடர்ந்து அளந்துவரும் ஹவாய் அருகிலுள்ள அலோஹா நிலையத்தின் பதிவே 1988இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய வெப்பநிலையையும் அமிலத்தன்மையையும் பவளத்திலிருந்து படிக்கலாம் என்கிறார்கள். உயிருள்ள பிராணி தன் உடலுக்காகக் கட்டிக்கொண்ட சுண்ணாம்பு, வெளியிலிருந்த நீரைப் பற்றி உள்ளபடி சொல்லுமா? பவளக் கூட்டில் மரத்தின் வளையங்கள்போல் தெரியும் பட்டைகளில், ஒரு பட்டை ஓராண்டு என்பதற்கே என்ன சான்று?

சுண்ணக்கல்:
இரண்டாவது கேள்விக்குத் தெளிவான விடை உண்டு. பசிபிக்கில் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா 1948 முதல் 1958 வரை அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியபோது, கதிரியக்கப் பொருள்கள் அங்கிருந்த பவளங்களுக்குள் படிந்தன. அப்பவளங்களை அறுத்து எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்தவர்கள், சோதனை நடந்த ஆண்டுகளின் படிவுகளைக் குறியாகக் கொண்டு, அடர்த்தி மிகுந்ததும் குறைந்ததுமான ஓர் இணைப் பட்டை ஓராண்டு என்று 1972இல் உறுதிப்படுத்தினர்.

வெப்பநிலைக்குப் பெரிதும் பயன்படுவது மேடாக வளரும் போரைட்ஸ் என்ற பவள இனம். அது ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்வதால், ஆளுயரத்தைத் தாண்டிய மேட்டில் சில நூற்றாண்டுகள் அடங்கிவிடும். நீர் சூடானால், பவளக் கூட்டின் சுண்ணாம்புக் கனிமமான அரகோனைட்டில் கால்சியத்தோடு ஒப்பிட ஸ்ட்ரான்சியம் குறையும். ஆனால் மாதிரித்தூளை எங்கே சுரண்டுகிறோம் என்பதே பாதி வேலை. மாணவனாக இருந்தபோது நான் வளர்ச்சி அச்சை விட்டு விலகிச் சுரண்டியதில், கோடையும் குளிர்காலமும் ஒன்றோடொன்று கலந்து வரைபடம் தட்டையாகிவிட்டது; எக்ஸ்-கதிர்ப் படத்தை மறுபடி பார்த்த பிறகே தவறு புரிந்தது.

உப்புக்காற்று:
அமிலத்தன்மைக்கு வந்தால் உங்கள் ஐயம் மிகவும் நியாயமானது. கடல்நீரில் போரான் போரிக் அமிலமாகவும் போரேட் அயனியாகவும் இருக்கிறது. இவற்றில் போரேட்டைத்தான் பவளம் எடுத்துக்கொள்கிறது என்பதாலும், பி.எச். குறையும்போது போரேட்டில் போரானின் கனமான ஐசோடோப்பான போரான்-11இன் பங்கு குறைகிறது என்பதாலும், கூட்டிலுள்ள ஐசோடோப்பு விகிதத்திலிருந்து பி.எச். அளவைக் கணக்கிடுகிறார்கள்.

சிக்கல் என்னவென்றால், பவளம் சுண்ணாம்பைப் படியவைக்கும் நீர்மத்தின் பி.எச். அளவை வெளிநீரைவிடக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. அதையும் பருவத்துக்கேற்ப மாற்றுகிறது. வெளியே நிகழும் மாற்றம் உள்ளே தேய்ந்துதான் பதிவாகும். ஆகவே போரானைக் கடலின் நேரடி அளவுகோலாகக் கொள்ளாமல், பவளம் எழுதிய கணக்காகவே நான் வாசிப்பேன். தொழிற்புரட்சிக்கு முன் சுமார் 8.2 ஆக இருந்த பி.எச். இன்று 8.1 ஆகியிருப்பது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அளவிலிருந்து வேதிச் சமநிலைக் கணக்கில் வருவது. அது பவளத்தை நம்பி நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவுக்கு வடகிழக்கே உள்ள கோரல் கடலின் ஃபிளிண்டர்ஸ் பவளத்திட்டிலிருந்து 2005இல் வெளியான சுமார் 300 ஆண்டுப் போரான் பதிவில், ஏறத்தாழ 50 ஆண்டுகளுக்கொருமுறை ஏறி இறங்கும் அலையே மேலோங்கித் தெரிந்தது. ஒரு திட்டுக்குள் நீர் எவ்வளவு தாராளமாகப் புழங்குகிறது என்பதும் அந்த எண்ணில் கலந்திருக்கிறது.

கரைவலை:
நன்றி. அப்படியானால் அண்மைக் காலத்தில் பவளங்களின் வளர்ச்சி குறைந்ததாகச் சொல்கிறார்களே, அதற்கு வெப்பம் காரணமா, அமிலமா என்று பிரிக்கவே முடியாதா?

உப்புக்காற்று:
ஒரே திட்டை வைத்துக்கொண்டு முடியாது. ஆஸ்திரேலியாவின் கிழக்குக் கரையிலுள்ள கிரேட் பேரியர் ரீஃபின் 69 திட்டுகளிலிருந்து 328 போரைட்ஸ் பவளங்களை ஆராய்ந்தவர்கள், 1990க்குப் பின் சுண்ணாம்பாக்கம் 14.2 சதவீதம் குறைந்ததாக 2009இல் எழுதியபோது, வெப்ப அழுத்தம், அமிலமாதலால் கடல்நீரில் வரும் அரகோனைட் செறிவுக் குறைவு ஆகிய இரண்டையுமே காரணமாகச் சுட்டினர். மேற்கு ஆஸ்திரேலியாவிலோ, குளிர்ந்த தென்பகுதித் திட்டுகளில் நீர் சூடாகச் சூடாக வளர்ச்சி கூடியிருக்கிறது. அமிலமாதல் இரு கரைக்கும் பொது என்பதால், அந்தத் தென்பகுதித் திட்டுகளில் வெப்பமே முந்துகிறது என்று துணிந்து சொல்லலாம்.