பதில்: பைப்ரஸ் டிஸ்ப்ளேசியா – தமிழ்ல என்ன சொல்லலாம்?

வணக்கம் ஐயா,

தாடை மாதிரி எலும்புல வர்ற பைப்ரஸ் டிஸ்ப்ளேசியாங்கிற நோய்க்குத் தமிழ்ப் பேரு கேட்டிருந்தீங்க. நீங்க பட்டியல்ல போட்ட 'நார்க்கட்டி' சரிப்படாதுங்க, அது ஏற்கனவே பைப்ரோமாங்கிற நார்த்திசுக் கட்டிக்குப் புழங்குது, அதுவுமில்லாம கட்டின்னு காதுல விழுந்தாலே பிள்ளைய கூட்டிட்டு வந்த அம்மா கேன்சரான்னுதான் கேப்பாங்க. இது புற்றா மாறுறது 100ல ஒருத்தருக்கும் கீழதான், அதுவும் ரேடியேஷன் குடுத்தா ரிஸ்க் கூடும்னுதான் அந்தப் பக்கமே போறதில்ல.

இதே பேச்சுல அக்கா ஒருத்தங்க சொன்ன 'நார்க் குறைவளர்ச்சி'யும் இடிக்குது. குறைவளர்ச்சின்னா ஹைப்போப்ளேசியா, அதாவது முழுசா வளராம போறது ஆச்சே, இங்க தாடை உப்பிக்கிட்டுல்ல வருது! கரு உருவான பிறகு ஏதோ ஒரு செல்லுல ஜிஎன்ஏஎஸ் ஜீன் மாறிடுது, அதனால பரம்பரையா வராது, அந்த செல் வழியா வர்ற எலும்பு செல்லுங்க சரியா முதிராம போயி நல்ல எலும்பும் மஜ்ஜையும் இருக்கவேண்டிய இடத்துல நார்த்திசுவும் நடுநடுவுல அரைவேக்காட்டு எலும்புத் துணுக்கும் அடைச்சுக்குது. எக்ஸ்ரேல பாத்ரூம் ஜன்னல் கண்ணாடி மாதிரி ஒரே மங்கலா, ஓரம் எங்க முடியுதுன்னே தெரியாம பக்கத்து எலும்போட கலந்து கிடக்கும். மேல்தாடைலதான் அதிகம், பெரும்பாலும் வலி இருக்காது, பல்லு இடம் மாறி முகம் ஒரு பக்கம் வீங்கினாதான் வீட்ல கவனிப்பாங்க. உடம்பு வளர்ச்சி நின்னா இதுவும் அனேகமா அடங்கும், அதுவரைக்கும் பொறுத்திருந்துதான் துருத்துறதைச் செதுக்கிவிடுறது.

அதனால என் ஓட்டு 'நாரெலும்புப் பிறழ்வளர்ச்சி'க்கு. வெறும் 'நார்த்திசுப் பிறழ்வளர்ச்சி'ன்னா எலும்பையே காணோம். இங்கிலீஷ்லயும் எலும்பு இல்லையேன்னா, லிச்டென்ஸ்டைன்ங்கிற நோயியல் டாக்டர் 1938ல இந்த நோயைப் பத்தி எழுதும்போது பாலியாஸ்டாட்டிக்னு, அதாவது பல எலும்புல வர்றதுன்னு, எலும்பைச் சேத்துத்தானே எழுதினாரு.

அந்த பாலியாஸ்டாட்டிக்ல ஒரு வில்லங்கம் இருக்கு. ஒரே எலும்புல வர்ற மோனோஸ்டாட்டிக்குக்கு ஓரெலும்பு, ஓகே. பாலியாஸ்டாட்டிக்குக்கு பட்டியல்ல 'பல்லெலும்பு'ன்னு போட்டிருக்கீங்க, இலக்கணப்படி தப்பில்ல, ஆனா தாடை நோய் பத்தின பக்கத்துல அதைப் படிக்கிற பல் மருத்துவ மாணவன் பல்லு இருக்கிற எலும்புன்னுதான் நினைப்பான், அர்த்தமே தலைகீழாயிடும்! 'பலவெலும்பு'ன்னு வெச்சா அந்தக் குழப்பம் வராது. மேல்தாடைல தொடங்கி கன்ன எலும்பு வரைக்கும் பரவினதை கிரேனியோபேசியல்னு (மண்டையோடும் முகமும் சேந்தது) தனியா சொல்றாங்க, அதுக்கு 'கபாலமுக வகை'ன்னு போட்டு வெச்சிருக்கேன், கபாலம்னா சுடுகாட்டு ஞாபகம் வருதுன்னா 'தலைமுக வகை'ன்னு மாத்திக்கலாம்.