ஷிமா தீபகற்பத்தில் 2 கலங்கரை விளக்கம், ஒரே நாளில் முடியுமா?

எல்லாருக்கும் வணக்கம். நகோயாவில் இருக்கிறேன், அடுத்த மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு மியே மாநிலத்தின் ஷிமா பக்கம் போகலாம் என்று ஒரு எண்ணம். தாயோசாக்கி, அனோரிசாக்கி இரண்டுமே ஜப்பானில் மேலே ஏறிப் பார்க்க விடுகிற ஒருசில கலங்கரை விளக்கங்களில் சேர்ந்தவை என்பதால் இரண்டையும் விட மனசில்லை.

போன வருஷம் தனியாகத் தாயோசாக்கிக்குப் போனேன். முத்துக் கடைகளும் கருவாட்டு வாசனையுமாக இருந்த அந்தக் குறுகலான ஏற்றத்தில் மூச்சு வாங்க ஏறிப் போனால், காற்று அதிகம் என்று கதவை மூடிவிட்டார்கள்! 1927இல் கட்டிய அந்த வெள்ளைக் கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினேன். அனோரிசாக்கிக்குப் போனதே இல்லை. அது வட்டமாக இல்லாமல் சதுரமாக இருக்குமாம், எனக்கு அதுதான் பெரிய ஆசை. 1873இல் அங்கே முதலில் இருந்தது மரக் கோபுரம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கார் கிடையாது, கிந்தெத்சு ரயிலில் உகதா வரை வந்து அங்கிருந்து பஸ்தான். அனோரிக்குப் போய்விட்டு மறுபடி உகதா வந்து தாயோ பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் முடியுமா, இல்லை டாக்ஸிதான் புத்திசாலித்தனமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, அதனால் உள்ளே படிக்கட்டு எவ்வளவு செங்குத்து, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறதா என்று ஏறினவர்கள் சொன்னால் நல்லது. அப்புறம், காற்றுக்கு மூடியிருக்கிறார்களா என்று காலையிலேயே தெரிந்துகொள்ள ஏதாவது வழி உண்டா?