அம்மம்மாவுக்குப் பெரிய எழுத்து, தம்பிக்குக் கோடு போடாத தாள்

வணக்கம். மார்கழி விடுமுறைக்குக் குடும்பம் முழுவதும் கூடுகிறது. ஆளுக்கொரு புத்தகமும் பெயர் பதித்த குறிப்பேடும் கொடுக்க நினைத்திருக்கிறேன். திருகோணமலையில் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அம்மம்மா கண்புரை சத்திரசிகிச்சை செய்தவர். பெரிய எழுத்தில் அச்சிட்ட கதைகள் வேண்டும். பெரியப்பாவோ, நம் ஊர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை எழுதி 1895இல் வெளிவந்த ‘மோகனாங்கி’ நாவல்தான் வேண்டும் என்று நிற்கிறார். மறுபதிப்பு யாரிடமாவது உண்டா? தங்கை எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள், அவளைப் பற்றிக் கவலையில்லை.

சிக்கல் குறிப்பேட்டில்தான். போன முறை ஓரிடத்தில் செய்வித்தபோது, அட்டையில் மாமியின் பெயரிலிருந்த ‘ழ’ ‘ள’ ஆகிவிட்டது. மாமி இன்றுவரை சொல்லிக் காட்டுகிறார். மைப் பேனையால் எழுதினால் மறுபக்கம் ஊறியது. பசையால் ஒட்டிய முதுகு மாரி ஈரத்தில் கழன்று, தாள்கள் கையோடு வந்துவிட்டன.

இம்முறை ஏ5 அளவில், சற்றுத் தடித்த 100 ஜிஎஸ்எம் தாளில், நூலால் தைத்தது வேண்டும். தம்பி படம் கீறுகிறவன்; அவனுடையதில் மட்டும் கோடு கூடாது. மொத்தம் ஆறுதான். இவ்வளவு குறைவாகச் செய்து தருபவர் உண்டா? வீட்டிலிருந்து கட்டுபவர் என்றாலும் சரி. கிண்ணியா, நிலாவெளிப் பக்கமென்றாலும் வந்து வாங்கிக்கொள்வேன். அச்சுக்கு முன் பெயர்களை எனக்கு ஒருமுறை காட்டினால் போதும்.