விபி6 மென்பொருளை இனி எப்படிக் காப்பாற்றுவது?

அரிசி மண்டி ஒன்றுக்கு விஷுவல் பேசிக் 6 (விபி6) என்ற பழைய புரோகிராமிங் மொழியில் எழுதிய பில்லிங் மென்பொருளை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். எடிட்டருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2008 ஏப்ரலிலேயே நிறுத்திவிட்டது, ஆனால் விபி6 மென்பொருளை ஓட்டத் தேவையான ரன்டைம் விண்டோஸ் 11-இலும் கூடவே வருவதால் எங்கள் எக்ஸிஇ ஃபைல் என்னவோ ஜம்மென்று ஓடுகிறது (முதலாளிக்கு அது போதும்!). என் கவலை எம்எஸ்காம் ஓசிஎக்ஸ் என்ற துணை ஃபைல்தான்: எடை மெஷின் சீரியல் போர்ட்டில் அனுப்பும் கிலோவை அதுதான் படித்து பில்லில் போடுகிறது, புது கம்ப்யூட்டர் வரும்போதெல்லாம் அதைக் கையால் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. மொத்தத்தையும் சி ஷார்ப்பில் திரும்ப எழுத மண்டியில் பணம் தரமாட்டார்கள்.

எடை படிக்கும் பகுதியை மட்டும் டாட்நெட்டுக்கு (சி ஷார்ப் ஓடும் மைக்ரோசாஃப்ட் தளம்) மாற்றி, பழைய விபி6 ஃபாரத்தோடு இணைத்தவர்கள் யாராவது உண்டா? அப்புறம், விபி6-க்கு மாற்றாக வந்திருக்கும் ட்வின்பேசிக்கில் விபி6 ப்ராஜெக்டை ஏற்றிப் பார்த்தவர்கள் இருந்தால், ஓசிஎக்ஸ் கன்ட்ரோல்கள் ஒழுங்காக வந்தனவா என்று சொல்லுங்கள்.