9.9 எச்.பி. மண்ணெண்ணெய் மோட்டார்: பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் இழுவை விழுகிறது

கேள்வி:
20 அடி ஃபைபர் வள்ளம். மோட்டார் டூ ஸ்ட்ரோக், ரெண்டு சிலிண்டர், கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற மாடல். பெட்ரோல்ல உடனே பிடிக்குது, ஸ்லோ சுத்தமா நிக்குது. மண்ணெண்ணெய்க்கு மாத்தி பாதிக்கு மேல திருகினா அரை நிமிஷம் நல்லா இழுத்துட்டு, சத்தம் அடங்கி வேகம் விழுது. குறைச்சா பழையபடி ஓடுது. பிளக் ரெண்டும் புதுசு, கூலிங் தண்ணி நல்லா பீய்ச்சுது, எண்ணெயோட ஆயில் கலவை 50:1. கார்புரேட்டரைப் பிரிச்சிடலாமா?

பதில் 1:
கார்புரேட்டரை இப்போ தொடாதீங்க தம்பி. அரை நிமிஷம் இழுக்குதுன்னு சொன்னீங்களே, துப்பே அதுலதான் இருக்கு. மெயின் ஜெட் (கார்புரேட்டர்ல எண்ணெய் பாயற துளை) அடைச்சிருந்தா திருகின உடனேயே திணறும். கார்புரேட்டர் கிண்ணத்துல இருக்கிற எண்ணெய் தீர்ற வரை ஓடிட்டு அப்புறம் விழுதுன்னா, செலவாகிற வேகத்துக்கு உள்ள வரத்து இல்லை.

வேகம் விழற அந்த நேரத்துல, கூட ஒருத்தரை விட்டு எண்ணெய்க் குழாய்ல இருக்கிற ரப்பர் பல்பை அமுக்கச் சொல்லுங்க. உடனே இழுவை திரும்பினா கோளாறு வரத்துலதான். பல்பையும் பாருங்க. ஓடும்போது அது கொஞ்சம் தொளதொளன்னு இருக்கிறது சகஜம், பயப்படாதீங்க. சப்பிப் போய் ஒட்டிக்கிட்டா பல்புக்கு முன்னாடி அடைப்பு: டேங்க் மூடியில காத்து போற திருகு மூடியிருக்கும், இல்லன்னா டேங்குக்குள்ள இருக்கிற சல்லடையில கசடு. சப்பலை, ஆனா அமுக்கினா இழுக்குதுன்னா ரெண்டு சந்தேகம்: ஃபியூல் பம்பு டயாபிராம் (எண்ணெயை உறிஞ்சித் தள்ற சவ்வு) விறைச்சோ கிழிஞ்சோ இருக்கும், இல்ல எங்கேயோ காத்து இழுக்குது.

பதில் 2:
அண்ணன் சொன்னது சரி. ஆனா ஒரு சிலிண்டர் பலம் குறைஞ்சிருந்தாலும் ஸ்லோவுல தெரியாமப் போகலாம், பளு ஏறும்போதுதான் காட்டும். அதையும் கழிச்சுடுங்க. ரெண்டு பிளக்கையும் கழட்டி, வயர் ரெண்டையும் பாடியில எர்த் பண்ணிடுங்க. சும்மா தொங்கவிட்டுக் கயிறு இழுத்தா, பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சி.டி.ஐ. யூனிட் போயிடலாம். பிளக் இருந்த துளையில கம்ப்ரெஷன் கேஜை மாட்டி, ஆக்சிலேட்டரை முழுசா திறந்து வச்சு, கேஜ் முள் ஏறுறது நிக்கிற வரை நாலஞ்சு தடவை இழுத்து கம்ப்ரெஷன் பாருங்க. மண்ணெண்ணெய் மோட்டார்ல அளவு பெட்ரோல் மோட்டாரைவிடக் கம்மியாத்தான் காட்டும். அளவைவிட ரெண்டு சிலிண்டருக்கும் உள்ள வித்தியாசம்தான் முக்கியம். 10, 15 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது. குறைஞ்ச பக்கம் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி இழுங்க. அளவு ஏறினா பிஸ்டன் ரிங்கு தேய்ஞ்சிருக்கு.

புரொபெல்லர் நடுவுல இருக்கிற ரப்பர் வழுக்கலையான்னு கேட்பாங்க. வழுக்கினா மோட்டார் சத்தம் ஏறும், வள்ளம் போகாது. உங்களுக்கு சத்தமே இறங்குது, அதனால அது இல்லை.

முக்கியமா, இந்தக் கோளாறோட முழு ஆக்சிலேட்டர்ல ஓட்டிக்கிட்டு கரை சேராதீங்க. டூ ஸ்ட்ரோக்குக்கு ஆயில் வர்றதே எண்ணெயோட கலந்துதான். எண்ணெய் குறைஞ்சா ஆயிலும் குறையும், சூடும் ஏறும், பிஸ்டன் பிடிச்சுக்கும்.

கேள்வி கேட்டவர்:
கம்ப்ரெஷன் ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு. பல்பை அமுக்கினா இழுக்குது, விட்டா விழுது. பல்பு சப்பலை. பெட்ரோல்லயே கொஞ்ச நேரம் திருகிப் பார்த்தேன், விழவே இல்லை. வெளியில எங்கேயும் ஒழுகலை.

பதில் 1:
பெட்ரோல்ல விழலைன்னா பம்பு, கார்புரேட்டர் ரெண்டும் தப்பிச்சாச்சு, ரெண்டு எண்ணெய்க்கும் அது பொதுதானே. டேங்குல இருந்து, பெட்ரோல்-மண்ணெண்ணெய் மாத்துற காக் (திருகு வால்வு) வரைக்கும் மண்ணெண்ணெய்ப் பாதையை மட்டும் பாருங்க. ஒழுகலைங்கறதை நம்பாதீங்க. ஓடும்போது அந்தக் குழாய் உறிஞ்சிக்கிட்டு இருக்கு. ஓட்டை இருந்தா எண்ணெய் வெளிய வராது, காத்துதான் உள்ள போகும். மோட்டாரை நிறுத்தி, காக்கை மண்ணெண்ணெய்ப் பக்கமே வச்சு, பல்பைக் கல்லு மாதிரி இறுகுற வரை அமுக்கிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டையும் துணியால துடைச்சு அஞ்சு நிமிஷம் கவனிங்க. ஈரம் கசியற இடம்தான் ஓட்டை. பெரும்பாலும் கனெக்டர் ஓ-ரிங் (ரப்பர் வளையம்), இல்ல கிளிப் பக்கத்துல வெடிச்ச குழாய். ஓ-ரிங் சில்லறைக் காசுதான், ரெண்டா வாங்கி ஒண்ணை வள்ளத்துல போட்டு வைங்க. குழாய் விறைச்சிருந்தா நுனியை மட்டும் வெட்டிச் செருகாம முழுசா மாத்துங்க. கனெக்டர்ல கசிவு இல்லாம பல்பு மட்டும் தளர்ந்தா, அதோட உள்வால்வு போச்சு, இல்ல காக் உள்ளுக்குள்ள விடுது.

பதில் 2:
மாத்தினதும் பிளக்கைக் கழட்டி வெள்ளைப் பீங்கானை வெயில்ல பாருங்க. மிளகுத்தூள் மாதிரியோ, மினுமினுன்னு அலுமினியப் பொட்டோ ஒட்டியிருந்தா, எண்ணெய் பத்தாம ஓடினதுல பிஸ்டன் உருக ஆரம்பிச்சிருக்கு. அப்போ ஹெட்டைத் திறந்து பார்த்துட்டுதான் கடலுக்கு எடுக்கணும்.