ரியூப் லைற்றை நேர பாத்தா ஒழுங்கா எரியுது, கடைக்கண்ணால பாத்தா துடிக்குது. ஏன்?

மாங்குளத்தான்:
வணக்கம். நான் நிக்கிற கடையில பழைய ரியூப் லைற் ஒண்டு இருக்கு, பில் எழுதிக்கொண்டு இருக்கேக்க கடைக்கண்ணில அது படபடெண்டு துடிக்குது, நிமிந்து பாத்தா நல்லா எரியுது, திருப்பிக் குனிஞ்சா திருப்பியும் துவங்கும். தங்கச்சி சொல்றாள் உனக்கு விசர் எண்டு. கண்ணில ஏதும் பிழையோ?

கரைச்சியான்:
பிழை ஒண்டும் இல்ல தம்பி, எல்லாருக்கும் அப்பிடித்தான். கண்ணின்ர ஓரத்தில வெளிச்சத்தப் பிடிக்கிற கோல் கலங்கள் கூட, அது கெதியா பிடிக்கும்.

வற்றாப்பளை:
எல்லாருக்கும் எண்டது சரி அண்ணை, ஆனா காரணம் கோல் இல்ல. கோல்கள் மங்கல் வெளிச்சத்துக்கு, வானத்தில மங்கின வெள்ளியொண்ட கொஞ்சம் தள்ளிப் பாத்தாத்தான் தெரியும், அது கோல்ட வேலை. துடிப்பெண்டு வந்தா அது சரியான மந்தம், செக்கனுக்கு 20 தரம் போனாலே அதுக்கு ஒரே வெளிச்சமாத்தான் தெரியும். கெதியா பிடிக்கிறது ஓரத்தில இருக்கிற கூம்புகள், நல்ல வெளிச்சத்தில வேலை செய்யிற மற்றக் கலங்கள், அதுகளின்ர சிக்னல் அசைவையும் மாற்றத்தையும் பிடிக்கிற நரம்புகளால கூட போகும். நடுக்கண் எழுத்து வாசிக்கத்தான் கெட்டி.

எங்கட கரண்ட் 50 ஹேர்ட்ஸ், எண்டா செக்கனுக்கு 50 சுத்து, ஒரு சுத்துக்கு ரெண்டு உச்சம், அப்ப சோக் (கரண்ட மட்டுப்படுத்துற கம்பிச்சுருள்) வச்ச ரியூப் செக்கனுக்கு 100 தரம் கூடிக் குறையும். அது அநேகமா ஒருத்தருக்கும் தெரியாது. ரியூப் பழசானா ஒரு பக்க ஓட்டத்தில வெளிச்சம் குறைஞ்சிடும், உடன 50 ஆகிடும். நேர பாக்கேக்க 50 எல்லைக்கோட்டில நிக்கும், ஓரக்கண் அதப் பிடிச்சிடும். ரியூப்பின்ர ரெண்டு நுனியும் புதுசிலயே 50இலதான் துடிக்கும், கவனிச்சுப் பாருங்கோ.

நெற்_கஃபே_காலம்:
ஓம் ஓம், பழைய பெட்டி மொனிற்றர் 60 ஹேர்ட்ஸில ஓடேக்க பக்கத்து ஆளின்ர ஸ்கிரீன்தான் துடிக்கும், எங்கட துடிக்காது. அந்தாளுக்கு எங்கடது துடிக்குமாம். இதுக்கு எத்தின சண்டை!

மருந்துக்கடை_அக்கா:
தம்பி, லைற்ற நிப்பாட்டிப்போட்டு இருட்டிலயும் பாருங்கோ. அப்பவும் ஓரத்தில மின்னுதெண்டா அது ரியூப் இல்ல, கண்ணுக்குள்ள இருக்கிற ஜெல் விழித்திரைய இழுக்குதாக்கும். திடீரெண்டு கன கறுப்புப் புள்ளி வந்தாலோ திரை விழுந்த மாதிரி மறைச்சாலோ அண்டைக்கே கண் டொக்டரிட்டப் போகவேணும், நாளைக்கு எண்டு விடக்கூடாது.

மாங்குளத்தான்:
நிப்பாட்டினா ஒண்டுமில்ல அக்கா, நன்றி. நுனியும் கறுத்துப்போய்த்தான் கிடக்கு. முதலாளியிட்ட மாத்தச் சொன்னன், எரியுதுதானே எண்டுறார். அவற்ற கதிரை ரியூப்புக்கு நேர முன்னுக்கு.